மிஸ்டர் பீன் வாயைத் திறந்தா

மிஸ்டர் பீனா நடிச்ச ரோவன் அட்கின்சன் நம்ம ஜாதி. அதாவது, இன்ஜினியர். நியூகாசில்ல எலக்ட்ரிகல், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டுல எம்.எஸ்சி. அங்கதான் அவருக்கு எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸ் கிடைச்சார். (படிப்பை விட்டுட்டு வேற வேலைக்குப் போறது நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லைங்க.)

அட்கின்சனுக்குத் திக்குவாய் உண்டு. 'பேச வராததால பேசாத பீனை உருவாக்கினார்'னு ஒரு வாட்ஸ்அப் கதை சுத்துது. கேட்க உருக்கமா இருக்கும், ஆனா நான் ஏத்துக்க மாட்டேன். ஏன்னா பீனுக்கு முன்னாடியே, 1983-ல இருந்து 1989 வரைக்கும், அவர் 'பிளாக்ஆடர்' பண்ணார். முழுக்க முழுக்க வசனம்! வேற ஒருத்தரா நடிக்கும்போது திக்கு வர்றதில்லைன்னு அவரே சொல்லியிருக்கார். பீன் வந்தது 1990-ல. மொத்தமே 15 எபிசோட்.

ஏ, பி, சி-ல வர்ற அந்த 'பி'தான் அவருக்கு வில்லன். அதனால அந்த எழுத்தை அழுத்தி, உதட்டுலேயே வெடிக்க விடுவார். அதுவே காமெடி ஆயிடுச்சு. பீன், பிளாக்ஆடர், ரெண்டு பேருமே 'பி'தான், கவனிச்சீங்களா?

பிளாக்ஆடர் ரெண்டாவது சீசன்ல அவர் 'பாப்'னு ஒரு பேரைச் சொல்ற இடத்தை இன்னிக்கு நைட்டே போட்டுப் பாருங்க. ஹெட்போன் கட்டாயம்.