காவல் நிலையமும் நம் உரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'கல்வியின் பயன்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வேலைவாய்ப்பு, பதவி, ஊதியம் ஆகியவையும் கல்வியின் பயன்களே. அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் பேச விழைவது வேறொரு பயனைப் பற்றியாகும். நள்ளிரவில் காவலர் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது, படித்தவன் ஒருவன் அந்தத் தெருவில் இருப்பதால் என்ன பயன்? இக்கேள்வி என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தி வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு.

2009ஆம் ஆண்டு. சிறுமலை அடிவாரத்துப் பள்ளியொன்றில் அப்போது நான் பட்டதாரி ஆசிரியர். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, மலையிலிருந்து இறங்கும் வாழைத்தார்களை லாரியில் ஏற்றும் வேலை செய்துவந்தான் ஓர் இளைஞன். ஓர் இரவு அவனுடைய தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், பயல ஸ்டேசனுக்கு இழுத்துட்டுப் போயிட்டாக. என்னன்னே சொல்ல மாட்டேங்குறாக. நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்றார். நான் அரசு ஊழியன். வீண் வம்பு எதற்கு என்று என் மனம் சொல்லிற்று. "காலையில் பார்ப்போம் அம்மா" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

காலையில் நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். மோட்டார் களவு என்று சந்தேகப்பட்டார்களாம். களவாடியவன் வேறு எங்கோ பிடிபட்டுவிட்டானாம். வலது மணிக்கட்டு வீங்கி வந்தவன், அதன்பின் அக்கையால் தார் தூக்கவே இல்லை. பின்னர் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவன் அங்கே இருந்தான் என்பதற்கு ஏதேனும் தாள் இருக்கிறதா?" இல்லை. கைது செய்ததாகப் பதிவில்லை, மருத்துவமனைச் சீட்டில்லை, நாங்கள் அனுப்பிய மனு ஒன்றுமில்லை. மூன்று நாட்கள் அவன் பட்ட வேதனைக்கு இவ்வுலகில் ஒரு வரிச் சான்றும் இல்லாமற் போயிற்று. அன்றிரவு மாவட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு தந்தி கொடுத்திருந்தால் அதுவே சான்றாகியிருக்கும். எழுதத் தெரிந்த நான் எழுதவில்லை. அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது. இதுவே என் குற்றம்.

அதன் பிறகே சட்டத்தைத் தேடிப் படிக்கலானேன். நான் வழக்கறிஞன் அல்லன். எனினும், ஓர் ஆசிரியனுக்குரிய முறையில், அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, கைது செய்யும் நேரத்து உரிமைகள். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பெற்ற நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு கூறுவது யாது? கைதான எவருக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடந்தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு இவற்றை மேலும் விளக்கிற்று. கைது செய்பவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். உடலில் காயம் உள்ளதா என்று பரிசோதித்துப் பதிய வேண்டும். இவையெல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய நடைமுறைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன.

பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும், உதிப்பதற்கு முன்னும் கைது செய்தலாகாது. தவிர்க்க இயலாத நிலையில் பெண் அதிகாரி, நடுவரின் முன் அனுமதி பெற்றே செய்யலாம். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்று பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவரையும், 60 வயதைக் கடந்த முதியவரையும் நிலையத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்த இயலாது. அவர்தம் இருப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டும். அடித்து வாங்கிய ஒப்புதல் மட்டுமன்று, காவல் அதிகாரியிடம் கூறிய எந்த ஒப்புதல் வாக்குமூலமும் அவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத் தக்கதன்று. ஒப்புதல் பெறுவதற்காகக் காயப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரையும், கொடுங்காயமாயின் பத்தாண்டு வரையும் சிறை விதிக்கத்தக்க குற்றமாகும்.

இளைஞர்களே, நடுவர் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. "அடித்தார்களா?" என்று நடுவர் கேட்பார், கேட்காவிடினும் நீங்களே சொல்லுங்கள். காயத்தைக் காட்டுங்கள். மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்று கேளுங்கள். அங்கே மௌனமாக இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பேசினால், "அன்றே ஏன் சொல்லவில்லை?" என்னும் கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

இரண்டாவதாக, தீங்கு நேர்ந்த பின் செய்யத்தக்கவை. ஒருவரை எங்கு வைத்துள்ளார்கள் என்றே தெரியாதபோது, அவருக்காக வேறொருவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். நம் திண்டுக்கல் மாவட்டம், 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் அடங்கியது. சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட இராசாக்கண்ணு என்னும் ஏழைத் தொழிலாளி மாண்டுபோனார். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவல்துறை கூறிற்று. அவருடைய மனைவி பார்வதி தளரவில்லை. வழக்கறிஞர் சந்துரு அவர்களின் துணையோடு தாக்கலான ஆட்கொணர்வு மனுவே உண்மை வெளிப்பட வழி திறந்தது. குற்றம் புரிந்த காவலர்கள் பின்னர் தண்டனை பெற்றனர்.

புகாரை நிலையத்தில் வாங்க மறுத்தால், கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லையேல் நடுவரிடம் மனுச் செய்யலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எனில், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மனு ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் அதோடு மனநிறைவு கொள்ளாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது இலவசமாகத் தரப்பட வேண்டியது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காவலரையும் கட்டுப்படுத்தும். பட்டியலினத்தைச் சேராத அரசு ஊழியர் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவிலுள்ள குற்றத்தைப் புரிந்தால் ஓராண்டுக்குக் குறையாத சிறை உண்டு. நம் மக்கள் மீது பொய் வழக்குத் தொடுப்பதும் அச்சட்டப்படி குற்றமே. புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை கூறப்பட்டுள்ளது. இவ்வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்ய வேண்டும்.

மனித உரிமை ஆணையத்திற்கு மனுச் செய்யக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. ஆனால் நிகழ்ச்சி நடந்த ஓராண்டிற்குள் அனுப்பிவிட வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு ஆயம் 2021இல் தீர்ப்பளித்தது. தேசிய பட்டியலின ஆணையமும், 2021இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமும் உள்ளன.

இழப்பீடும் கேட்கலாம். ஒரிசாவில் நீலபதி பெகெரா என்னும் தாய், 1987இல் காவலில் இருந்த தம் மகன் இருப்புப்பாதை அருகே பிணமாகக் கிடந்த துயரத்தை உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு கடிதமாக அனுப்பினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993இல் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு தாயின் கடிதம், அரசு தன் ஊழியர் செய்த தீங்கிற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறியை நாடெங்கும் நிலைநாட்டியது!

"வழக்கு நடத்தப் பணத்திற்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பட்டியலினத்தவரும், பழங்குடியினரும், பெண்களும், காவலில் இருப்பவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் உள்ளது. 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம்.

நிற்க. "இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், ஏழை சொல் அம்பலம் ஏறுமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டதுண்டு. அவருக்கு நான் கூறிய விடை வாச்சாத்தி என்னும் ஊரின் பெயராகும்.

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடிச் சிற்றூர் வாச்சாத்தி. நம்மைப் போன்றே மலையை நம்பி வாழும் மக்கள். 1992 ஜூன் 20ஆம் நாள் சந்தனக் கடத்தலைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறையினரும், காவல்துறையினரும், வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், மக்களை அடித்துத் துன்புறுத்தினர், பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். பின்னர் பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறைக்கு அனுப்பினர். புகாரைக் கேட்பாரில்லை. பழங்குடி மக்களின் சங்கமும் இயக்கத் தோழர்களும் துணைநின்று நீதிமன்றம் சென்றனர். 1995இல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத்துறை விசாரணைக்கு ஆணையிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு நடந்த காலத்தில் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. மேல்முறையீட்டில், நீதிபதி ஒருவர் நேரிலேயே அவ்வூருக்குச் சென்று பார்த்து, சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த அதே நாளில், 2023 செப்டம்பர் 29 அன்று, அத்தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டார்.

1992க்கும் 2023க்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள்! இளம்பெண்ணாக அடிபட்டவள் பேரன் பேத்தி கண்டவளாகித் தீர்ப்பைக் கேட்டாள். தாமதமான நீதி முழுமையான நீதியன்று; அதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அப்பெண்களில் பலர் எழுத்தறியாதவர். எதிரே நின்றவர்களோ அதிகாரம் படைத்தவர்கள். மிரட்டலுக்கும் அஞ்சாமல், சாட்சிக் கூண்டில் ஏறி, ஆளை அடையாளங் காட்டினார்கள். சொன்ன சொல்லிலிருந்து பிறழவில்லை. ஊர் பிளவுபடவில்லை. வழக்கை வென்றது அந்த ஒற்றுமையே.

காவல்துறை முழுவதையும் பகையாகக் கருதுமாறு நான் கூறவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டபோது, மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை அஞ்சாது சாட்சியம் கூறினார். அத்தகையோர் அத்துறையில் பெருகவேண்டும். நம் பிள்ளைகளும் தேர்வெழுதி அங்குச் சேரவேண்டும். சேர்ந்தபின் அவரைப்போல் நிற்கவேண்டும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். எவரையேனும் காவலர் அழைத்துச் சென்றால், நாள், மணி, வந்தவர் பெயர், வண்டி எண், பார்த்தவர் யார் ஆகியவற்றை அன்றே எழுதி, இருவர் கையொப்பமிடுங்கள். தனியாக எவரும் நிலையத்திற்குச் செல்லாதீர்கள். இருவராகச் சென்று, பணிவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். கைபேசியிலிருந்து உயர் அதிகாரிக்குச் செய்தி அனுப்பி, அதனை அழிக்காமல் வைத்திருங்கள். காயம் இருப்பின் அரசு மருத்துவமனையில் யார் அடித்தது என்பதைச் சொல்லிப் பதிவு செய்து, விபத்துப் பதிவேட்டு நகலைப் பெறுங்கள். நிலையத்துக் காமிராப் பதிவை அழிக்காமல் காக்குமாறு உடனே எழுதிக் கேளுங்கள். காவல் நிலையந்தோறும் காமிரா வேண்டுமென்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஆணையிட்டுள்ளது.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்பெற்ற ஊர். எவ்வளவு உறுதியான பூட்டாயினும் அதற்கென ஒரு சாவி உண்டு. ஆனால் சாவி வீட்டிலிருந்தும் இருக்குமிடம் அறியாதவன் வாசலிலேயே நிற்பான். 2009இல் நான் அவ்வாறு நின்றேன். என் மாணவன் தன் கையை இழந்தான். இன்று அவனுடைய மகள் இச்சங்கத்தின் மாலை வகுப்பில் பயில்கிறாள். அவள் தெருவில் இனி ஒரு தாய் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினால், "காலையில் பார்ப்போம்" என்னும் சொல் உங்கள் எவர் வாயிலிருந்தும் வரலாகாது. "இதோ வருகிறேன் அம்மா" என்று தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். அதுவே நீங்கள் கற்ற கல்வியின் பயன்.