மதியம் நிறுத்துற கரண்ட்டை மாலையில காசு கொடுத்து வாங்கணுமா? – தெருமுனைக் கூட்ட உரையிலிருந்து



சாயங்காலம் ஆறரை மணிக்கு உங்க வீட்டுல லைட் எரியுது, ஃபேன் ஓடுது, டிவி ஓடுது. அதே நேரத்துல கமுதியில இருக்குற 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் படுத்துடுது. தேவை ஏறும்போது உற்பத்தி இறங்குது.

ஆடி மாசத்து மதியம் கதையே வேற. வெயிலும் இருக்கும், முப்பந்தல்ல காத்தும் சுழட்டி அடிக்கும். வர்ற கரண்ட்டை வைக்க இடம் இல்லைன்னா, "காத்தாலையை நிறுத்து"ன்னு உத்தரவு போகும். ராத்திரி ஆனா மின்சந்தைக்கு ஓடணும். அங்க யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாய் வரைக்கும் போகலாம். இந்தச் சுமை யார் தலையில? கோவையிலயும் திருப்பூர்லயும் பீக் ஹவர் கட்டணம் கட்டுற சிறு, நடுத்தர ஆலைக்காரங்களைக் கேட்டுப் பாருங்க!

சேமிப்பு நமக்குப் புதுசா? ஆனைமலையில காடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1987-லயே வந்துடுச்சு. மிச்சக் கரண்ட்ல தண்ணியை மேல ஏத்தி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்குறோம். ஆனா அதுக்கு மலை வேணும், அணை வேணும், பல வருஷம் வேணும். பேட்டரியை ஒரு துணைமின் நிலையத்து ஓரத்துலயே வைக்கலாம்.

தென் ஆஸ்திரேலியாவுல 2016 செப்டம்பர் 28, புயல்ல மாநிலமே இருண்டு போச்சு. அடுத்த வருஷக் கடைசியிலேயே ஹார்ன்ஸ்டேல்ல 100 மெகாவாட் பேட்டரி வேலை செய்ய ஆரம்பிச்சது. அதே டிசம்பர்ல பக்கத்து மாநிலத்துல ஒரு நிலக்கரி யூனிட் திடீர்னு நின்னப்போ, ஒரு நொடிக்குள்ள அது கரண்ட் கொடுத்துச்சு.

பேட்டரி ஒண்ணும் மந்திரம் இல்ல, ஒளிக்காம சொல்றோம். அது மின்சாரத்தைத் தயாரிக்காது. 100 யூனிட் போட்டா சுமார் 85 தான் திரும்பும். ரெண்டு மணி நேர பேட்டரி விடிய விடிய ஓடாது. ஆனா நமக்குச் சிக்கலே அந்த மாலை நேரம்தானே!

கேள்வி, அந்த பேட்டரி யார் கையில இருக்கும்ங்கறதுதான். மலிவா இருக்கும்போது நிரப்பி, விலை ஏறினதும் விக்கிற லாபம் தனியாருக்குப் போனா நமக்கு மிஞ்சுறது பில்லு மட்டும்தான். அதனால சேமிப்பு நிலையங்களை மின்வாரியமே சொந்தமா வைக்கணும். மாசத்துக்கு எத்தனை யூனிட் காற்று, சூரிய மின்சாரம் நிறுத்தப்பட்டதுன்னு கணக்கை வெளியிடணும். மிச்சமாகுற பணத்துல முதல்ல சிறு ஆலைகளோட பீக் ஹவர் கட்டணத்தைக் குறைக்கணும்.

இந்த மூணு கோரிக்கையோட உங்க வீட்டு வாசலுக்குக் கையெழுத்து வாங்க நம்ம தோழர்கள் வர்றாங்க. உங்க மின்கட்டண ரசீதை எடுத்து வச்சிருங்க.