ஆய்வுகூடக் கதவு திறந்திருக்கட்டும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூறு வயது கண்ட நம் பாடசாலையின் ஆய்வுகூடத்தைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். அதற்கு முன் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1952இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத்துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 30. துணைவேந்தராக இருந்தவர் மகப்பேற்று வைத்தியரான இலட்சுமணசுவாமி முதலியார். நம் தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை இராமச்சந்திரன் தேடினார். எக்ஸ் கதிர்க் கருவி அவரிடம் இருந்தது. ஆராய நல்ல மாதிரி வேண்டும். அயலிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது. கங்காருவின் வால் தசைநாண்கூட அங்கிருந்து கிடைத்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று உலகுக்குச் சொன்னார்கள்.

நம் முழங்கை முன்னே மடங்கும், பின்னே மடங்காது. புரதச் சங்கிலியும் அப்படித்தான். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாத கோணங்களில் மட்டுமே திரும்பும். அந்தக் கோணங்களை இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் ஒரு வரைபடமாக்கினார்கள். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டவர்கள் இன்றும் அதை அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

வைத்தியர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கொலாஜனின் மூன்று இழைகளும் உறுதியாக முறுக்கி நிற்க விட்டமின் சி வேண்டும். அது குறைந்தால் ஈறு கசியும், புண் ஆறத் தாமதமாகும். லயத்துப் பின்புறத்துக் கொய்யாவுக்கும் நெல்லிக்கும் உள்ள பெருமை இதுதான்.

சகோதரிகளே, கருவி ஓரிடத்திலும் மாதிரி இன்னோரிடத்திலும் இருந்தன. இரண்டும் சேர்ந்ததால் கண்டுபிடிப்பு வந்தது. கொடகவெலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், பால் வெட்டும் தாய்மாரின் பிள்ளைகள் பலர், நுணுக்குக்காட்டியைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்து விஞ்ஞானம் படிக்கிறார்கள். உயர்தரத்தில் தமிழில் விஞ்ஞானம் படிக்க ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றதும் பல வீடுகளில் பெண்பிள்ளையின் படிப்பு நின்றுவிடுகிறது.

ஆகவே நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும். சனிக்கிழமைகளில் அதன் கதவு அயல் தோட்டப் பாடசாலை மாணவிகளுக்கும் திறக்கட்டும். வெளிநாட்டிலுள்ள நம் தோழிகள் கருவிக்கு உதவலாம். இங்குள்ள நாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து கற்பிக்கலாம். அதிபர் அவர்கள் அனுமதி தந்தால் அடுத்த தவணையிலேயே தொடங்குவோம்.