குடும்பத்திற்கேற்ற பல் வைத்தியர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பல் நோவு கண்ட இரவில் வைத்தியரைத் தேடுவோன் அகப்பட்டவரையே கொள்வான். யாமும் அவ்வாறே கொண்டு நஷ்டமுற்றோம். எம் புதல்விக்கு எட்டு வயதில் கடைவாய்ப்பல் சொத்தையாயிற்று. பால்பல்தானே, மீண்டும் முளைக்குமென்று கருதிப் பிடுங்குவித்தோம். பிடுங்கியவரும் யாதொன்றும் வினவினாரில்லை. அப்பல்லோ, ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னே முளைக்கும் நிலைத்த பல். போனால் மறுபடி முளைப்பதன்று. மாணாக்கர் ஏட்டில் ஒற்றுப்பிழைகளை எண்ணும் எமக்கு மகளின் பற்களை எண்ணத் தெரியவில்லை!

ஆதலின், பிடுங்குமுன் எக்ஸ்ரே படம் பார்த்து, பல்லைக் காக்க வழியுண்டோவென ஆராய்பவரையே நாடுங்கள். நம்மவர் என்பது ஒன்றே போதாது. பி.டி.எஸ். பட்டமும் மாநிலப் பதிவேட்டிற் பதிவும் உளவோவென வினவுதல் அவமரியாதையன்று. கருவிகளைக் கொதிநீரில் முக்கியெடுத்தலும் போதாது. அழுத்தமுள்ள நீராவியில், 121 பாகை வெப்பத்தில், 15 நிமிஷமேனும் வைத்தல் வேண்டும். இதனையும் கூசாது கேளுங்கள். செலவை முன்னரே உரைப்பவராயின் நன்று. குழந்தைகளை முதலாண்டு நிறைவிற்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எம் புதல்வி இன்றும் ஒருபுறமாகவே மெல்லுகின்றாள்.