காதிரைச்சலும் நம்மவர் உழைப்பும்



கல்விச் சங்கத்தின் மேடையில் காதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் மருந்தடிக்கும் மிஷினை முதுகில் சுமப்பவர் எவர்? பாறைக்குத் துளை போடுபவர் எவர்? சாவு வீட்டில் பறையடிக்கத் தலைமுறை தலைமுறையாக ஏவப்பட்டவர் எவர்? பெரும்பாலும் நம்மவரே. அவ்வோசை வேலை முடிந்த பின்னும் சிலர் காதை விட்டு அகல்வதில்லை. ‘குய்’யென்று இரவெல்லாம் இரைகிறது. உறக்கம் கெடுகிறது, மறுநாள் கூலியும் கெடுகிறது.

நத்தைக்கூடு போன்ற உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. பேரிரைச்சலால் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரவேண்டிய செய்தி குறையவே, மூளை அக்குறையைத் தானே ஓசையாக நிரப்பிக்கொள்கிறது என அறிஞர் கருதுகின்றனர். ஆகவே இது பேய்க்கோளாறு அன்று, பைத்தியமும் அன்று. இசைமேதை பீத்தோவன் தமக்கு இரவும் பகலும் காது இரைவதாக 1801-ஆம் ஆண்டிலேயே நண்பருக்கு எழுதினார். காசநோய்க்கு முன்னாளில் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியாலும் சிலருக்கு இது வந்ததுண்டு. காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை, கேடுதான் உண்டு.

இதனை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால் ஓசையை ஓசையால் தணிக்கலாம். 1970-களில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் ஜாக் வெர்னான் என்னும் ஆய்வாளர் இம்முறையைப் பரப்பினார். காதிரைச்சலால் வருந்திய ஒருவருக்கு, நீரூற்றின் அருகே நின்றபோது அது கேளாமற்போனதே அதற்குத் தூண்டுகோல். கொட்டகுடி ஆற்றின் சலசலப்பை அறிந்த நமக்கு இதில் வியப்பென்ன? இரவில் மின்விசிறியோ, நிலையம் கிடைக்காத வானொலியின் ‘உஸ்’ என்ற ஓசையோ போதும். இரைச்சலை முழுதும் மூழ்கடிக்க வேண்டுவதில்லை. சற்றுத் தாழ்வாக ஒலித்தால் மூளை நாளடைவில் பழகிக்கொள்ளும். செவித்திறன் குன்றியவர்க்குக் காது மிஷினே பாதி மருந்து.

காது அறவே கேளாதவர்க்கு காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் கருவியை அறுவைசெய்து பொருத்துகின்றனர். அது கேள்வி நரம்பை மின்சாரத்தால் தூண்டுகிறது. ஒரு காது செவிடாகி அதில் இரைச்சலால் துன்புற்றவர்க்கு இதனால் தணிவு கண்டதாக பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்டனர். எல்லார்க்கும் ஏற்றதன்று, விலையும் பல இலட்சம். எனினும் பிறவிச் செவிடான 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. இதனை அறியாது வயதைக் கடக்கவிடும் பெற்றோரே நமக்குக் கவலை தருகின்றனர்.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்க. திடீரென்று காது அடைத்துக் கேளாமற்போனால் அன்றைக்கே செல்க.

85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரத்துக்கு மேல் இருத்தல் தீங்கு. கைநீட்டும் தொலைவில் நிற்பவரோடு கத்திப் பேச நேர்ந்தால் அவ்வளவைத் தாண்டிவிட்டது எனக் கொள்ளலாம். வெள்ளி விழா நிதியில் ஒரு சிறு பகுதியை, மருந்தடிக்கும் தோழர்களுக்குக் காதடைப்பான் வாங்க ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.