கருவில் இருக்கும் பிள்ளையும் வெற்றிலைத் தட்டும்

(கறம்பக்குடியில் எங்கள் அறக்கட்டளை நடத்திய தாய்சேய் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாய்மார்களே, பெரியவர்களே! புகையிலைக் கேடு என்றதும், “நம் வீட்டுப் பெண்கள் பீடி, சிகரெட் தொடுவதில்லையே” என்கிறோம். உண்மைதான். ஆனால் வெற்றிலையோடு வைக்கும் புகையிலைத் துணுக்கை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. முழுகாமல் இருக்கும் பெண்ணுக்குக் குமட்டல் வந்தால், பெரியவர்களே அதை நீட்டுவதும் உண்டு.

புகையாகப் போனாலும் சாறாகப் போனாலும் நிக்கோட்டின் இரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையைச் சேர்கிறது. பிள்ளையின் மூளை வளர, அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடலே சுரக்கிறது. அது வேலை செய்யும் அதே வாசல்களில் நிக்கோட்டினும் நுழைந்து, வேளை தவறி அவற்றைத் தட்டுகிறது. மூளைச் செல்களின் இணைப்பு ஒழுங்கு குலைவதை விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைக் கவனித்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. புகையிலை மென்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன, குறைப்பிரசவமும் கூடுதல். 2019-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், கர்ப்பிணியின் இரத்தத்தில் நிக்கோட்டினின் எச்சம் கூடக்கூட, பிள்ளைக்குக் கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு வரும் வாய்ப்பும் கூடியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு, மதரஸாவில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளையின் தாயை யாரும் குறை சொல்லிவிட வேண்டாம். பரம்பரை முதல் பல காரணங்கள் அதற்கு உண்டு. நம் பேச்சு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றியது.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. திண்ணையில் ஊதும் பீடிப் புகை வீட்டுக்குள்ளும் வரும். அதைச் சுவாசிக்கும் கர்ப்பிணி வழியாக நிக்கோட்டின் பிள்ளைக்கும் போகும். மனைவியை விடச் சொல்லும் அத்தாமார், முதலில் தாங்கள் விட வேண்டும்.

எத்தனையாவது மாதமானாலும், விட்ட நாளிலிருந்து பிள்ளைக்கு நன்மையே. பரிசோதனைக்குப் போகும்போது புகையிலைப் பழக்கத்தை நர்சம்மாவிடம் மறைக்காதீர்கள். குமட்டலுக்கு அவரிடமே மருந்து கேளுங்கள். பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணம் இல்லை.

தமிழக அரசு 2013-இல் குட்காவைத் தடை செய்தது. சட்டம் கடையோடு நின்றுவிடும். வீட்டு வெற்றிலைத் தட்டை நாம்தான் பார்க்க வேண்டும். பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைக் கருவிலேயே பேணிக் காக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.