ஒரு பெருநாள், இரு நாடுகள்



திருப்பதியிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் வடமாலபேட்டை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வட்டாரத்தில் ரம்ஜான் பெருநாள் காலையில், புத்தாடை உடுத்த சிறுவர்கள் தந்தையரின் விரலைப் பற்றிக்கொண்டு தொழுகைக்குச் செல்வர். தொழுகை முடிந்தபின் பெரியோர் அவர்கள் கையில் ‘ஈதி’ என்று சிறு தொகை வைப்பர். இது ஒரு செய்தியா என்று நாம் கேட்கக்கூடும். தஜிகிஸ்தானத்தைப் பற்றி அறிந்தபின் அவ்வாறு கேட்க மாட்டோம்.

1991-இல் சோவியத் ஒன்றியத்தினின்று விடுதலை பெற்ற அந்நாட்டில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சித்தூர்ப் பகுதியின் உருது முஸ்லிம்களைப் போலவே அவர்களும் இமாம் அபூ ஹனீஃபாவின் வழியைப் பின்பற்றுவோர். நம்முடையதைப் போன்றே அந்நாட்டு அரசியல் சட்டமும், 1994-இல், நாடு மதச்சார்பற்றது என்று கூறிற்று. ஆயினும் 2011-இல் வந்த சட்டம், 18 வயது நிரம்பாதோர் பள்ளிவாசல் தொழுகையிற் கலந்துகொள்ளலாகாது என்றது. இறுதிச் சடங்குக்கு மட்டும் விலக்கு உண்டு. 2024 ஜூன் மாதத்தில், பெருநாளன்று குழந்தைகள் வீடு வீடாகச் சென்று பரிசு பெறும் ‘ஈத்கர்தக்’ என்னும் பழைய வழக்கமும் தடை செய்யப்பட்டது. நம் ஊர் ஈதிக்கு உடன்பிறப்பு அது!

அவ்வரசின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1992 முதல் 1997 வரை அந்நாட்டை உள்நாட்டுப் போர் வாட்டியது. எதிர்த்தரப்பில் இஸ்லாமிய இயக்கத்தாரும் இருந்தனர். சமயத்தை அரசின் கண்காணிப்பிலேயே வைத்துப் பழகிய சோவியத் வழியும் எளிதில் மறைவதன்று. ஆனால் போர் தொடுத்தவர் சிறுவர் அல்லரே.

நம் அரசியல் சட்டத்தில் ‘மதச்சார்பற்ற’ என்னும் சொல் 1976-இல்தான் சேர்ந்தது. சமயத்தைக் கைக்கொண்டு ஒழுகும் உரிமையோ, 25-ஆம் பிரிவில், 1950 முதலே இருக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. அகவை வரம்பு எதுவும் அதில் இல்லை. நம்மிடம் வழக்கே எழவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2022-இல் கர்நாடகத்து மாணவியரின் தலைத்துணி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே மாறுபட்டுத் தீர்ப்புரைத்தனர்.

பெண்கள் பள்ளிவாசலில் தொழலாகாது என்று தஜிகிஸ்தானத்து உலமா பேரவை 2004-இல் அறிவித்ததையும் இங்கே நினைக்கவேண்டும். தாயும் 17 வயது மகனும் வீட்டில் நிற்க, தந்தை மட்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்படுகிறார்.